வலுவான வினைச்சொற்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுகதை எழுதப் பழகிவருகிறேன். வலுவான வினைச்சொற்களைக் கையாண்டால் நடை உயிர்பெறும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதன்படி என் கதையில் 'சொன்னான்', 'கேட்டார்' என்றிருந்த இடங்களையெல்லாம் 'சீறினான்', 'முழங்கினார்' என்று மாற்றினேன். நண்பர்களோ செயற்கையாக இருக்கிறது என்கிறார்கள். இத்தகைய சொற்களுக்குப் பட்டியல் ஏதும் உண்டா? அகராதியை வரிசையாகப் படிக்கலாமா? வினையடைகளை அறவே நீக்க வேண்டுமா? கதையையும் இணைத்துள்ளேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் நல்லவர்கள், அவர்களைக் கைவிடாதீர்கள். கதையில் ஒரு தந்தை மணி என்ன என்று முழங்குகிறார், மகன் ஏழு என்று சீறுகிறான். அந்த வீட்டில் உண்மையிலேயே சண்டை மூளும்போது அவர்களுக்கு எந்தச் சொல் மிஞ்சியிருக்கும்? வினையடை தேவைப்பட்டால் இருக்கட்டும், அது பெரிய விஷயமல்ல.

தமிழில் வினை எங்கே வலுப்பெறுகிறது என்பதைச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வினை வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்கிறது தொல்காப்பியத்தின் வினையியல். நாமோ 'ஆராய்ந்தார்' என்ற ஒற்றைச் சொல்லை 'ஆய்வினை மேற்கொண்டார்' என்று நீட்டுகிறோம். வினையைப் பெயராக்கி, அதன்மேல் வேற்றுமை உருபை ஏற்றி, காலத்தைச் சுமக்க 'மேற்கொள்' என்றொரு கூலியாளையும் அமர்த்துகிறோம். இதைத் திருத்தினாலே பாதி நோய் தீரும்.

மீதிப் பாதிக்கு மருந்து துணைவினை. 'எழுது' என்பதைவிடச் சாதாரணமான வினை உண்டா? எழுதிப் பார்த்தான் என்றால் தயக்கம் தெரிகிறது; எழுதி வைத்தான் என்றால் பின்னால் வரப்போகும் ஒரு நாளை எண்ணியிருக்கிறான்; எழுதித் தள்ளினான் என்றால் தாள்கள் குவிகின்றன; எழுதித் தொலைத்தான் என்றால் சொல்பவரின் சலிப்பு கேட்கிறது; எழுதிக் கிழித்தான் என்றால் அவன் ஒன்றுமே எழுதவில்லை. முதல் வினை அப்படியே இருக்க, அதன் பின்னால் வரும் சிறு சொல் மனநிலையையும் உறவையும் ஏளனத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. இவ்வளவு செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியல் கேட்கிறீர்களே!

என் பாட்டியின் தம்பி இளம் வயதிலேயே வீட்டைவிட்டுப் போனவர். கோபமாக இருந்தால் பாட்டி 'போய்த் தொலைந்தான்' என்பார். விருந்தினர் கேட்டால் 'போய்விட்டான்' என்று முடித்துக்கொள்வார். என்னிடம் தனியாகப் பேசும்போது மட்டும் 'போனான்' என்பார், துணைவினை எதுவுமில்லாமல். அந்த வெறும் சொல்லைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

ஆகவே துணைவினையையும் வாக்கியத்துக்கு ஒன்றாக ஒட்டிவிடாதீர்கள். இன்று பலருடைய உரைநடையில் எல்லோரும் வந்துவிடுகிறார்கள், உட்கார்ந்துவிடுகிறார்கள், சிரித்துவிடுகிறார்கள். முடிந்துபோனது எது, சும்மா நடந்தது எது என்று வாசகருக்குத் தெரிவதில்லை.

உங்கள் கதையின் கடைசிப் பக்கத்தில், எப்படியோ உங்கள் திருத்தத்துக்குத் தப்பிய ஒரு வாக்கியம் இருக்கிறது: 'அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.' சாத்தினாள் என்றிருந்தால் கதவு மட்டும்தான் மூடியிருக்கும். இப்போது அவள் தன்னையும் உள்ளே வைத்து மூடியிருக்கிறாள். உங்களுக்கு எழுத வரும் என்று நான் நம்புவது இந்த ஒரு வரியை வைத்துத்தான். அதில் கைவைக்காமல், முழக்கங்களையும் சீற்றங்களையும் எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். அகராதியைத் தாராளமாகப் படியுங்கள், ஆனால் கதை எழுதும் மேசையில் அது வேண்டாம்.