டாமி, ஜி.ஐ., அப்புறம் ஹார்டுவேர் கடை பைப்பு

'சோல்ஜருக்கு ஸ்லாங் என்ன?'ன்னு ஒத்தை வரியில கேட்டவங்களுக்கு பதில் கிடையாது. எந்த நாடு, எந்த காலம்னு எழுதுங்கப்பா.

கே: பிரிட்டிஷ் சிப்பாய்க்கு டாமின்னு பேர் வெச்சது வெலிங்டன் பிரபுதானே? 1843ல?

ப: 1815 பிரிட்டிஷ் ராணுவ ஃபாரத்துலயே தாமஸ் அட்கின்ஸ்னு இருக்கே, டாமிங்கறது தாமஸோட செல்லப் பேருதான்! சிப்பாயோட கணக்கு புக்கை எப்படி ஃபில் பண்ணணும்னு காட்ட சும்மா போட்ட மாதிரிப் பேரு அது. போர்க்களத்துல உயிர்விட்ட ஒரு வீரன் பேரை வெலிங்டன் வெச்சார்ங்கற கதையெல்லாம் பின்னாடி சேர்ந்த மசாலா. முதல்ல எழுத்துல எப்ப வந்துச்சுன்னு வருஷத்தை பாருங்க.

கே: டாமி கன்னும் இதுதானா?

ப: இல்ல. அது அமெரிக்கக்காரர் ஜான் தாம்ஸன் பேர்ல வந்த தாம்ஸன் துப்பாக்கி.

கே: அமெரிக்க சிப்பாயைச் சொல்ற ஜி.ஐ.ன்னா 'ஜெனரல் இன்ஃபன்ட்ரி'ன்னு வாட்ஸப்ல வந்துச்சு, சரியா?

ப: தப்பு. ரெண்டு எழுத்தைப் பாத்தாலே விரிச்சுப் படிக்கிற இந்த வியாதி எப்பதான் தீருமோ. நம்ம ஹார்டுவேர் கடையில 'முக்கா இன்ச் ஜி.ஐ. பைப்பு குடுங்க'ன்னு கேக்கறோமே, அதே கால்வனைஸ்டு அயர்ன்தான். அமெரிக்க ராணுவ ஸ்டோர் லிஸ்ட்ல துத்தநாகம் பூசின பக்கெட்டு, குப்பைத்தொட்டிக்கெல்லாம் ஜி.ஐ.ன்னு எழுதுவாங்க, முதல் உலகப்போர்ல ஜெர்மன்காரன் பெரிய குண்டு வந்து விழுந்தா அதையும் ஜி.ஐ. கேன்னு கிண்டலடிச்சாங்க, அப்புறம்தான் யாரோ அதை கவர்ன்மென்ட் இஷ்யூன்னு படிக்க ஆரம்பிச்சு சட்டை, சோப்பு, பூட்ஸுன்னு சர்க்கார் குடுத்தது எல்லாமே ஜி.ஐ. ஆகி, ரெண்டாம் உலகப்போர் வர்றப்ப அதை மாட்டிக்கிட்டு நின்ன ஆளும் ஜி.ஐ. ஆயிட்டான். 'கிரண்ட்'டுக்கும் இப்படி ஒரு விரிவாக்கம் அனுப்பியிருக்கீங்க. வியட்நாம் போர் காலத்துல அமெரிக்க காலாட்படை சிப்பாய்க்கு வந்த பேரு அது; மூட்டையைத் தூக்கறப்ப முக்கி முனகினதால வந்ததுன்னு சொல்வாங்க, அவ்ளோதான். மறுபடி சொல்றேன், வருஷத்தை பாருங்க.

கே: டோபாய்?

ப: அமெரிக்க காலாட்படை. 1846-48 மெக்சிகோ போர் காலத்துப் பேரு. மாவு உருண்டை மாதிரி பட்டன்னு ஒரு கட்சி, அடோபிங்கற மண்சுவர் புழுதின்னு ஒரு கட்சி. சண்டை இன்னும் முடியல.

கே: பிரெஞ்சு 'புவாலு'ன்னா?

ப: மயிர் அடர்ந்தவன், அதாவது நிஜ ஆம்பள.

கே: வெள்ளைக்காரனை மட்டம் தட்டத்தான் நாய்க்கு டாமின்னு பேர் வெச்சோமாமே?

ப: கேக்க ஜோராத்தான் இருக்கு. அந்தக் காலத்து எழுத்துல ஒரு வரி காட்டுங்க, இதே இடத்துல போடறேன்.

கே: சிப்பாய் தமிழா?

ப: பாரசீகம். சிபாஹி.