ஆங்கிலம் இன்னும் சரியாக வராதவர் இணையத்தில் ரிவ்யூ எழுதினால் யாருக்காவது பயன்படுமா? எப்படி எழுதுவது?

"ஆங்கிலம் எழுதிப் பழக கூகுள் மேப்ஸ், அமேசான் மாதிரி இடங்களில் ரிவ்யூ எழுது என்கிறான் நண்பன். நான் தமிழ் வழியில் படித்தவன். 'குட்', 'சூப்பர்' தாண்டி எதுவும் வரவில்லை. இதை எழுதி யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் இருக்கிறது, தயங்காமல் எழுதுங்கள். ரிவ்யூவை யார், எப்படிப் படிக்கிறார்கள் என்று தினமும் கண்ணெதிரே பார்க்கிற வேலை என்னுடையது. சென்னையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், ஏசி. நானும் பள்ளி முழுக்கத் தமிழ் வழிதான். இப்போதெல்லாம் வாடிக்கையாளர் கடைக்குள் நுழையும்போதே போனைத் திறந்து கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள், ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவர் படிக்க ஆரம்பித்திருப்பார். நான் பார்த்தவரை வரிசை இதுதான்: முதலில் திட்டியவர்கள், அப்புறம் போட்டோ, அப்புறம் சமீபத்தில் எழுதியவர்கள். ஐந்து ஸ்டார் போட்டு 'எக்ஸலென்ட் ப்ராடக்ட்' என்று எழுதியிருந்தால் விரல் அங்கே நிற்பதே இல்லை. அதேபோல, "இவருக்கு கிராமர் சரியில்லை, அதனால் இவர் சொல்வதை நம்பமாட்டேன்" என்று இதுவரை ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

ஒருநாள் பெருங்குடியிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வாஷிங் மெஷின் பார்க்க வந்தார். முன்பக்கம் கதவு திறக்கிற மாடல். எத்தனை கிலோ, எத்தனை சுற்று என்று நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மகள் போனை நீட்டினாள். "அண்ணா, இது நிஜமா பாருங்க." அதில் இருந்தது கிட்டத்தட்ட இப்படி: 'மை ஏரியா ஃபுல் போர் வாட்டர். சால்ட். சிக்ஸ் மன்த் ஆஃப்டர் ஒயிட் பவுடர் கமிங் இன் டிரம். சர்வீஸ் மேன் செட் எவ்ரி மன்த் டீஸ்கேல் பவுடர் புட். நவ் நோ ப்ராப்ளம்.'

ஆங்கில வாத்தியார் கையில் கிடைத்தால் அந்த ரிவ்யூ முழுக்கச் சிவப்பாகிவிடும். ஆனால் அந்த அம்மாவுக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. "எங்க வீட்லயும் போர் தண்ணிதான் தம்பி. அந்தப் பவுடருக்கு மாசம் எவ்வளவு ஆகும்?" என்றார். அதற்கப்புறம் கிலோவும் சுற்றும் யாருக்கு வேண்டும்! கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீர் சூடாகும்போது ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படியும், படியப் படியக் கம்பி சூடாக நேரம் பிடிக்கும், ஒருநாள் ஹீட்டரே போய்விடும், அந்தப் படிவைக் கரைக்கத்தான் டீஸ்கேல் பவுடர் என்பதையெல்லாம் பேசினோம். அந்த நாலு வரி இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வந்திருக்காது. நிறுவனம் அச்சடித்துத் தருகிற வண்ணத் தாளில் பெருங்குடித் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், அதை எப்படிப் பயன்படுத்தினீர்கள், என்ன நடந்தது: இதைச் சொல்லுங்கள். ஆங்கிலம் பின்னாலேயே வரும். வீட்டில் எத்தனை பேர், மெட்ரோ வாட்டரா போர் தண்ணியா, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடா, மேற்குச் சுவரில் வெயில் அடிக்குமா, இப்படிப்பட்ட விஷயம் ஒன்று இருந்தாலே படிப்பவர் தன் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். டிசம்பரில் ஏசி மாட்டிவிட்டு அந்த வாரமே 'கூலிங் சூப்பர்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெருமை ஏசிக்குச் சேர வேண்டியதா, மார்கழிக்குச் சேர வேண்டியதா? அக்னி நட்சத்திரம் கழிந்ததும் அதே ரிவ்யூவைத் திறந்து இரண்டு வரி சேர்த்தால் அதற்கு மதிப்பே வேறு. கூகுள் மேப்ஸிலும் அமேசானிலும் எழுதியதைப் பிறகு திருத்தலாம், பலருக்கு இது தெரிவதில்லை.

இதே காரணத்தால், பார்சல் வந்த அன்றே எழுதாதீர்கள் என்பேன். அன்றைக்கு எழுதினால் 'டெலிவரி ஃபாஸ்ட், பேக்கிங் நைஸ்' என்றுதான் வரும். அது கூரியர்காரருக்கான பாராட்டு. மிக்ஸி எப்படி என்று அதில் எதுவும் இருக்காது.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். பழகுகிறவருக்கு ரிவ்யூ வசதியான இடம், ஏனென்றால் அதற்குத் தேவைப்படுகிற வினைக் காலங்கள் (டென்ஸ்) கொஞ்சம்தான். வாங்கினேன், மாட்டினார்கள், உடைந்தது என்பதெல்லாம் நடந்து முடிந்தவை. சத்தம் வருகிறது, மாவு நைசாக அரைகிறது என்பவை இப்போதும் நடப்பவை. இவை இரண்டும் பிடிபட்டால் முக்கால்வாசி ரிவ்யூ எழுதிவிடலாம். நம் ஆட்கள் சறுக்குவது மூன்றாவதில். 'ரெண்டு மாசமா யூஸ் பண்றேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால் 'ஐ ஆம் யூஸிங் திஸ் சின்ஸ் டூ மன்த்ஸ்' என்று வந்துவிடுகிறது. 'ஐ ஹேவ் பீன் யூஸிங் திஸ் ஃபார் டூ மன்த்ஸ்' என்பதுதான் சரி. எவ்வளவு காலம் என்றால் 'ஃபார்', எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்'. ஃபார் டூ மன்த்ஸ், சின்ஸ் பொங்கல். இந்த ஒரு வரியை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஒவ்வொரு ரிவ்யூவும் இதிலிருந்தே தொடங்கலாம். தொடக்கத்திலேயே எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள் என்பதும் சொல்லியாயிற்று.

இன்னொரு இடம் எழுவாய். தமிழில் யார் என்று சொல்லாமலே பேசிவிடலாம். 'வந்தாங்க, பார்த்தாங்க, ஒண்ணும் பண்ணாம போயிட்டாங்க' என்றால் நமக்குப் புரிகிறது. இதை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால் யார் வந்தது என்பதை அது ஊகித்தாக வேண்டும், ஊகம் தப்பவும் செய்யும். நீங்களே ஆங்கிலத்தில் எழுதினாலும் 'தே' என்று மட்டும் போட்டுவிட்டால், டெலிவரி பையனா, கம்பெனி டெக்னீஷியனா, கடைக்காரரா என்பது படிப்பவருக்குத் தெரியாது. குறை சொல்லும் ரிவ்யூவில் இது ரொம்ப முக்கியம். டெக்னீஷியன் செய்ததற்குக் கடைக்காரர் திட்டு வாங்குவதை நான் தினமும் பார்க்கிறேன், நானே வாங்கியும் இருக்கிறேன்.

'குட்' தாண்டி வரவில்லை என்கிறீர்களே, அதற்குப் புதிய பெயரடைகளைத் தேடிப் போகாதீர்கள். 'அமேசிங்', 'ஆசம்' எல்லாம் 'குட்'டுக்குச் சட்டை மாற்றிவிட்டது போலத்தான். 'ஏன் குட்?' என்று உங்களையே கேட்டுக்கொண்டு, வரும் பதிலை எழுதுங்கள். திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'ஃபுட் வெரி குட், மஸ்ட் விசிட்' என்று எழுதலாம். அல்லது இப்படி: சாம்பாரும் ரசமும் சூடாக இருந்தன, கேட்காமலே இரண்டாம் முறை கூட்டு வைத்தார்கள், இரண்டரை மணிக்குப் போனபோது பொரியல் தீர்ந்துவிட்டது, முதல் மாடி, லிஃப்ட் இல்லை, முதலில் டோக்கன் வாங்க வேண்டும், பைக் நிறுத்த இடமில்லை. ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் நான்கைந்து சொல் கொண்ட சின்ன வாக்கியம்தான். ஹாட், ஸ்டேர்ஸ், பார்க்கிங், டோக்கன் என்று எல்லாம் ஏற்கெனவே நீங்கள் பேச்சில் புழங்குகிற சொற்கள். மூட்டுவலிக்கார அம்மாவைக் கூட்டிப்போகிற ஒருவருக்கு 'நோ லிஃப்ட்' என்ற இரண்டு சொல், பத்து 'ஆசம்'களைவிட மேல்.

நீளம் பற்றிக் கவலை வேண்டாம். கூகுளில் லோக்கல் கைடு என்று ஒரு திட்டம் இருக்கிறது. ரிவ்யூ 200 எழுத்துகளைத் தாண்டினால் கூடுதல் புள்ளி. அதற்காகவே சிலர் இட்லியை வர்ணித்து ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். அதிலிருந்து ஒரு கடையின் நேரம்கூடத் தெரிந்துகொள்ள முடியாது.

ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். திருத்தி வாங்குங்கள், எழுதி வாங்காதீர்கள். முதலில் உங்கள் ஓட்டை ஆங்கிலத்தில் நீங்களே எழுதிவிட்டு, 'தப்பை மட்டும் திருத்து, வேறு எதையும் மாற்றாதே' என்று கேளுங்கள். என்ன மாறியது என்று பாருங்கள், அதுதான் பாடம். முழுதாக அதையே எழுதவிட்டால் வழவழவென்று ஒரு பத்தி வரும், அதில் போர் தண்ணீர் இருக்காது. எங்கள் கடைக்கு வருகிறவர்களே இப்போதெல்லாம் அப்படிப்பட்டதைப் பார்த்ததும் "இது காசு கொடுத்து எழுதினது" என்று தள்ளிவிடுகிறார்கள். பிழையோடு இருப்பதைத்தான் மனிதர் எழுதியது என்று நம்புகிறார்கள். உங்களுக்கு இது ஒரு சாதகம்!

காசு கொடுத்து எழுதுவது என்றதும் ஞாபகம் வருகிறது. சில பொருள்களின் பெட்டிக்குள், 'ஐந்து ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பரிசு' என்று ஒரு அட்டை இருக்கும். அதைக் குப்பையில் போடுங்கள். கூகுளும் அமேசானும் இதை அனுமதிப்பதில்லை. போலி ரிவ்யூக்களைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலையே கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய ரிவ்யூவை வெளியிடக்கூடாது என்பது அதில் உண்டு. நிறுவனங்கள் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது என்பது வேறு விஷயம்.

ஸ்டார் போடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். நம்மூரில் போட்டால் ஐந்து ஸ்டார், இல்லாவிட்டால் ஒரே ஸ்டார். நடுவில் மூன்று என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம். ஐப்பசி கார்த்திகை மழையில் வேளச்சேரித் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது பிரியாணி தாமதமாக வந்தது என்று ஹோட்டலுக்கு ஒரு ஸ்டார் போடுவதில் என்ன நியாயம்? பிரியாணி எப்படி இருந்தது என்பதை அந்த ரிவ்யூவிலிருந்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது. குறை இருந்தால் குறையை எழுதுங்கள், ஆனால் நடந்ததை மட்டும். 'ஃபிராடு', 'சீட்டிங்' என்று எழுதுவது சுலபம், ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சொல்லின் காரம் நமக்கு உறைப்பதும் இல்லை. தேதி, பில் தொகை, என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பதை வரிசையாகச் சொன்னால் ஏமாற்றா இல்லையா என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார். ஊழியரின் பெயரையும் போன் நம்பரையும் போடாதீர்கள். பணம் திரும்ப வரவேண்டும் என்றால் அதற்கு ரிவ்யூ வழியல்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அதில் தமிழிலேயே பேசலாம்.

தமிழிலேயே எழுதினால் என்ன என்றும் தோன்றும். தாராளமாக. கூகுள் மேப்ஸ் மற்ற மொழிக்காரர்களுக்கு மொழிபெயர்த்தும் காட்டுகிறது. ஆனால் நீங்கள் ஆங்கிலம் பழகத்தானே வந்தீர்கள்? நான் செய்வது: முக்கியமான விஷயத்தை ஆங்கிலத்தில் மூன்று வரி, அதற்குக் கீழே தமிழில் இரண்டு வரி. வடக்கிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவருக்கும் புரியும், பக்கத்துத் தெரு மாமிக்கும் புரியும்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், பெரிய ஹோட்டல் பக்கம் போகாதீர்கள். அங்கே ஆயிரக்கணக்கான ரிவ்யூக்களுக்கு அடியில் உங்களுடையது மூழ்கிவிடும். உங்கள் தெருவில் இருக்கும் டெய்லர், ஜெராக்ஸ் கடை, செல்போன் ரிப்பேர் கடை, மாவு மில் இவற்றை மேப்பில் தேடிப் பாருங்கள். பலவற்றில் நாலே நாலு ரிவ்யூ இருக்கும், அதில் இரண்டில் வெறும் ஸ்டார் மட்டும்தான். மாவு மில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, எத்தனை மணி வரைக்கும், மிளகாய் அரைத்துக் கொடுப்பார்களா, ஜிபே வாங்குவார்களா. இன்று மாலை போகும்போது கேட்டுக்கொண்டு வந்து நாலு வரி எழுதிப் போடுங்கள்.