வாசகர் கேள்வி: காட்டுக்குள் ஒரு படுகளம்

கேள்வி: ஐயா, ஜனவரியில் நானும் மனைவியும் 66 வயது அம்மாவும் கம்போடியா போகிறோம். சியம் ரீப்பில் 5 நாள் தங்கல். அங்கோர் வாட் எல்லோரும் பார்ப்பதுதான். அதோடு ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு, காட்டுக்குள் இருக்கும் பழைய சிவன் கோயில் ஒன்றையும் பார்க்க ஆசை. கோ கெர், பிரியா விஹார் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா? நானே ஓட்டலாமா? அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம் வேறு.
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, கோ கெர் மட்டும் போங்கள். பிரியா விஹார் 525 மீட்டர் உயர மலை விளிம்பில் இருக்கும் அருமையான சிவன் கோயில்தான். ஆனால் அது தாய்லாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது. 2025-இல் அந்த எல்லையில் இரண்டு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. அம்மாவை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டாம். பாங்காக்கில் இறங்கி பஸ்ஸில் எல்லை தாண்டும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

நீங்களே ஓட்டுவதும் வேண்டாம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். காட்பாடி - சித்தூர் சாலையில் 30 வருடம் ஓட்டிய கை என்னுடையது. அங்கே முதல் நாள் நடந்து சாலையைக் கடக்கும்போதே தப்பான பக்கம் பார்த்துவிட்டேன். ஒரு மோட்டார் சைக்கிள் முழங்கையை உரசிக்கொண்டு போனது. தங்கும் இடத்தில் சொன்னால் டிரைவரோடு கார் பேசிக் கொடுப்பார்கள். கோ கெர் சுமார் 120 கிலோமீட்டர், நீங்கள் ராணிப்பேட்டையிலிருந்து சென்னை போகிற தூரம்தான். காலை 6 மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். பெங் மீலியா கோயில் வழியிலேயே வரும், அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கோ கெரையே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கெமர் அரசன் நான்காம் ஜெயவர்மன் 928-இல் அங்கோரை விட்டு இந்த இடத்தைத் தலைநகராக்கினான். 944 வரைதான் அது நீடித்தது. அதற்கு 5 வருடம் கழித்துத்தான் நம் தக்கோலத்துப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். அந்தக் காலத்தில் அங்கே இருந்த சிற்பி ஒருவன், பீமனும் துரியோதனனும் கதாயுதம் எடுத்து மோதும் கடைசிச் சண்டையைக் கல்லில் வடித்தான். பிரசாத் சென் என்ற சின்னக் கோயிலில், சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து பார்க்க, இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கிற மாதிரி முழு உருவச் சிலைகளாகவே வைத்திருந்தார்கள். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்து, பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பாரே, அதே கட்டம்! சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து படுகளம் பார்த்தவன் நான். பிரசாத் சென்னில் போய் நின்றபோது வெறும் இடம்தான் இருந்தது. 1970-களில், உள்நாட்டுப் போர்க் காலத்தில், சிலைகளைக் கணுக்காலோடு உடைத்துக் கடத்திவிட்டார்கள். பாதங்கள் மட்டும் பீடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

சரி, அம்மா விஷயம். பிரசாத் தோம் என்கிற ஏழு அடுக்குப் பிரமிடு 36 மீட்டர் உயரம். பக்கத்தில் மரப்படி போட்டிருக்கிறார்கள், நீங்கள் இருவரும் ஏறுங்கள். அம்மா கீழே நிழலில் இருக்கட்டும். அவருக்கான இடம் வேறு. கொஞ்சம் தள்ளி, சாலையோரமாகவே சில சின்னக் கோயில்களில் ஆவுடையாரோடு பிரம்மாண்டமான லிங்கங்கள் இருக்கின்றன. கார் கிட்டத்தட்ட வாசல் வரை போகும். விரிஞ்சிபுரம் வழித்துணைநாதரிடம் சொல்லிவிட்டு வருகிறவர்கள் அங்கே கும்பிடாமல் நகர மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட. போரின்போது அந்த வட்டாரம் முழுக்கக் கண்ணிவெடி புதைத்தார்கள். நிறைய எடுத்துவிட்டாலும் மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை கண்ணில் பட்டால் அதைத் தாண்டவே கூடாது.

சாப்பாட்டுக்கு வெள்ளைச் சோறு எங்கும் கிடைக்கும். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள், அதனால் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கையோடு இருக்கட்டும்.

அப்புறம், திரும்பும் விமானத்தைத் தலைநகர் புனோம் பென்னிலிருந்து போடுங்கள். சியம் ரீப்பிலிருந்து காரில் சுமார் 6 மணி நேரம். அந்தத் துரியோதனனும் பீமனும் 2014-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள். புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். துரியோதனன் துள்ளத் தயாராக நிற்பதை அம்மாவுக்குக் காட்டுங்கள். யார் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.