களிம்பு தடவியும் திரும்ப வரும் படர்தாமரை

கேள்வி: என் கணவர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலுக்குச் செல்பவர். அவருக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்ட வட்டமாகப் படை வந்துள்ளது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது; நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகப் பரவுகிறது. இப்போது மகனுக்கும் வந்துவிட்டது. இரத்தம் கெட்டுப்போனதால்தான் இப்படி வருகிறது என்கிறார் மாமியார். உண்மையா?
- வாசகி, காசிமேடு

பதில்: இரத்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது படர்தாமரையாகவே தோன்றுகிறது. தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பூஞ்சைகளால் வருவது இது. வட்டத்தின் நடுப்பகுதி ஆறிவிட்டதுபோல் தெளிந்தும், ஓரம் சிவந்து, சற்றே தடித்து, செதில் உதிர்ந்தும் காணப்படும். பூஞ்சை முனைப்பாக வளர்வது அந்த ஓரத்தில்தான் என்பதால், மருந்தை வட்டத்துக்கு வெளியே சுமார் இரண்டு சென்டிமீட்டர் வரை சேர்த்துத் தடவ வேண்டும்.

எனக்குக் கவலை தருவது அந்தக் களிம்புதான். அதன் உறையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். தோலின் எதிர்ப்பை இவை அடக்கிவிடுவதால் அரிப்பும் சிவப்பும் உடனே குறைகின்றன. ஆனால் தடுப்பாரின்றிப் பூஞ்சை உள்ளே தழைக்கிறது. நாளடைவில் வட்டத்தின் வடிவமே கலைந்து, மருத்துவருக்கும் நோயை அடையாளம் காண்பது கடினமாகிறது. தொடையிடுக்கில் தோல் மெலிந்து, என்றைக்கும் மாறாத வரித் தழும்புகளும் விழுகின்றன. இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அறிவித்தும், கேட்டவுடன் எடுத்துத் தரும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை என்பது வேதனைக்குரியது.

கணவரையும் மகனையும் சேர்த்தே தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. இதுவரை தடவிய களிம்பின் உறையையும் கொண்டுபோங்கள். செதிலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையிலேயே பெரும்பாலும் பூஞ்சை தெரிந்துவிடும். வழக்கமான டெர்பினஃபைன் மருந்துக்குக் கட்டுப்படாத டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை இந்தியாவில் பரவியிருப்பதால், இட்ராகொனசோல் போன்ற மாத்திரைகள் வாரக்கணக்கில் தேவைப்படலாம். கல்லீரல் கோளாறு, இதய நோய், வேறு மருந்துகள் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோல் தெளிந்தவுடன் மருந்தை நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர்வது மிக முக்கியம்.

வீட்டிலும் செய்ய வேண்டியவை உண்டு. கடலிலிருந்து திரும்பியதும் ஈர உடையைக் களைந்து, நல்ல தண்ணீரில் குளித்து, இடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் நோய் தீரும்வரை கழற்றிவிடுங்கள். எந்நேரமும் ஈரத்தில் ஊறியிருக்கும் அக்கயிறு பூஞ்சைக்கு நல்ல இருப்பிடம். துண்டு, கைலி, படுக்கை விரிப்பு ஆளுக்கொன்றாக இருக்கட்டும். அவற்றை வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போடுங்கள். நெருக்கமான தெருக்களில் வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்துவோர், நாடாப் பகுதியிலும் மடிப்புகளிலும் இஸ்திரி போட்டு உடுத்துவது நல்லது. பூண்டை அரைத்துப் பூசாதீர்கள், தோல் வெந்துவிடும்.

கேள்வி: ஆறு வயது மகளுக்குத் தலையில் ஓரிடத்தில் செதில் உதிர்ந்து, முடி ஒடிந்து சொட்டையாகிறது. களிம்பு போதுமா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: போதாது. இது தலையில் வந்த படர்தாமரையாக இருந்தால், முடியின் வேருக்குள் இறங்கிய பூஞ்சையைக் களிம்பு எட்டாது. எடைக்கேற்ற அளவில் உட்கொள்ளும் மருந்தே தேவை. சீழ் கோத்து வீங்கினால் நிரந்தரத் தழும்பாகிவிடும் என்பதால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை மொட்டை அடிக்க வேண்டாம். சீப்பை மட்டும் தனியாக வைத்துவிடுங்கள். வீட்டில் வளரும் பூனைக்கோ நாய்க்கோ முடி கொட்டியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.