ஓரியன்டீரிங் (வரைபடமும் காம்பஸும் கொண்டு வழி கண்டுபிடித்து ஓடும் விளையாட்டு) பழகுகிறவர் தானே வரைபடம் வரைந்து பார்த்தால் பலன் உண்டா?

உண்டு. "படத்தில் இருப்பது தரையில் காணோமே" என்று பாதி ஓட்டத்தில் திகைத்து நிற்பவர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. வரைந்தவர் எதை விட்டார், ஏன் விட்டார் என்பது பென்சில் பிடித்தால்தான் பிடிபடும்.

200 மீட்டருக்கு 200 மீட்டர் இடம் போதும். மேடு பள்ளம் இருக்கவேண்டும், மட்டமான மைதானத்தில் கற்க ஒன்றுமில்லை. முதலில் டேப்பால் 100 மீட்டர் அளந்து, இடது கால் ஊன்றும்போது மட்டும் எண்ணிக்கொண்டு நடங்கள். பெரும்பாலோருக்கு 60 முதல் 70 வரும். ஏற்றத்திலும் புதரிலும் கூடும், அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். செயற்கைக்கோள் படத்தை 1:2500 அளவில் அச்சிட்டால் 25 மீட்டர் தாளில் 1 செ.மீ. ஆகும். அதில் காந்த வடக்குக் கோடுகளை (காம்பஸ் முள் காட்டும் வடக்குத் திசையில்) போட்டு, மேலே டிராயிங் ஃபிலிம் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, 0.5 மி.மீ. பென்சிலால் வரையலாம்.

பாதைகளைக் காம்பஸும் காலடிக் கணக்குமாக ஒரு சுற்று வரைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருங்கள். 400 மீட்டர் சுற்றில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே படத்தில் எட்டு மீட்டர் இடைவெளி விழுந்தால், அதைச் சுற்று முழுக்கப் பிரித்துச் சரிசெய்யலாம். இருபதைத் தாண்டினால் திரும்ப நடக்கவேண்டியதுதான். கையிலிருந்த போனோ, பக்கத்து இரும்பு வேலியோ காம்பஸ் முள்ளை இழுத்திருக்கும்.

உண்மையான பாடம் சமவுயரக் கோடுகளில்தான் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை). உங்கள் கண் மட்டம் தரையிலிருந்து 1.6 மீட்டர் என்று வையுங்கள். சரிவைப் பார்த்து நின்று, பார்வை நேர்மட்டமாகப் போய்த் தரையைத் தொடும் இடத்துக்கு ஏறுங்கள். மூன்று முறை செய்தால் ஏறக்குறைய 5 மீட்டர், அதாவது காட்டு வரைபடத்தில் ஒரு கோட்டு இடைவெளி. (பாதி நீர் உள்ள பாட்டில் மட்டம் பார்க்க நன்றாக உதவும்.)

சரிவில் 2 மீட்டர் ஆழப் பள்ளம் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே விழுந்து, படத்தில் மறைந்தே போகலாம். ஓடுகிறவருக்கு அது நல்ல அடையாளம். அதனால் ஓரியன்டீரிங் வரைபடங்களுக்கான சர்வதேச விதி, கோட்டு இடைவெளியில் 25 சதவீதம் வரை கோட்டை நகர்த்திப் பள்ளத்தைக் காட்ட இடம் தருகிறது, இங்கே 1.25 மீட்டர். அதே விதிப்படி பாறை என்றால் 1 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். முழங்கால் உயரக் கல் பக்கத்தில் நின்று படத்தில் கருப்புப் புள்ளியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

புதர் அடர்த்தியைக் காட்டும் பச்சை நிறத்தைப் பார்வையால் முடிவு செய்யாதீர்கள், உள்ளே ஓடிப் பாருங்கள். வெளிர்பச்சை என்றால் வழக்கமான வேகத்தில் 60 முதல் 80 சதவீதம்.

வரைந்ததை ஓப்பன்ஓரியன்டீரிங் மேப்பர் என்ற இலவச மென்பொருளில் ஏற்றி, ஐந்து கன்ட்ரோல் (ஓடுகிறவர் தேடிச் சேரவேண்டிய இடங்கள்) குறித்து, அந்த இடத்தை அறியாத நண்பரிடம் கொடுங்கள். அவர் தயங்கி நிற்கும் இடங்களை மறுபடி போய்ப் பாருங்கள். தேர்ந்தவர் வரைந்த படம் உள்ள காடு கிடைத்தால் இன்னும் நல்லது: அதைப் பார்க்காமல் 300 மீட்டர் சதுரத்தை நீங்கள் வரைந்து, பிறகு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அநேகமாக உங்கள் படத்தில் கற்கள் அதிகமாகவும் கோடுகளின் வளைவு குறைவாகவும் இருக்கும்.