நேட்டாலுக்குப் போன பாட்டன்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போனாராம். தடம் பிடிக்க முடியுமா?
– வாசகி, வேலூர்

பதில்: முடியும், தாயி. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். (சாதிப் பத்தியை அப்படியே நம்பாதீர்கள், கப்பலேற மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.) பெயரை மட்டும் வைத்துத் தேடினால் திண்டாட்டம்தான். வட ஆற்காட்டில் முனுசாமிகளுக்கா பஞ்சம்? குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதில் முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தட்டும். ஆளுக்கொரு எண் உண்டு. அது கிடைத்தால் கல்யாணம், பிள்ளைகள், மரணம் என மற்ற பதிவுகளையும் பிடித்துவிடலாம். அதற்கு முன், பூர்வீக ஊரைக் கண்டுகொள்ள, வீட்டிலுள்ள வயதானவர்களிடம் குலதெய்வக் கோயில் எந்த ஊர் என்று கேட்டு வையுங்கள்.