ஒரு குளத்தை வைத்து வன்னியைப் பேசலாமா?

கேள்வி: மாங்குளம் பக்கம் ஒரு சிறுகுளத்தில் சிறுபோகத் தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று விடய ஆய்வு (ஓரிடத்தை மட்டும் எடுத்து ஆழமாகப் பார்ப்பது) செய்கிறேன். ‘ஒரு குளம் போதாது, 60 பேருக்கு வினாக்கொத்துக் கொடு’ என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். மாற்றிவிடவா?
– பல்கலைக்கழக மாணவி, கிளிநொச்சி

பதில்: மாற்ற வேண்டாம். எத்தனை வீதமான கமக்காரருக்குத் தண்ணீர் காணாது என்பது உங்கள் கேள்வியென்றால் எழுமாற்று மாதிரியும் (குலுக்கல் முறையில் ஆட்களைத் தெரிவது) வினாக்கொத்தும்தான் வழி. அதற்கு ஒரு குளம் விடை தராது. பங்கீடு ஏன் ஓரிடத்தில் குழம்புகிறது என்பதற்கு வினாக்கொத்து உதவாது. ‘கமக்காரர் அமைப்பில் திருப்தியா?’ என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ‘ஓம்’ என்றுதான் புள்ளடி போடுவார்கள்.

முதலில் கமநல சேவை நிலையத்திலும் அமைப்பிலும் கூட்டப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். எல்லாம் ‘ஏகமனதாக’ முடிந்ததாகவே இருக்கும். பிறகு முறைத் தண்ணீர் விடும் நாளில் துருசிலிருந்து (குளத்து மதகிலிருந்து) வாய்க்காலின் கடைசி வரை நடந்து போங்கள். கடைசி வயல்களில் நெல்லுக்குப் பதில் பயறோ உழுந்தோ நின்றால், ஏன் என்று அந்த வரம்பிலேயே கேளுங்கள். தண்ணீர் வராதென்று முன்கூட்டியே தெரிந்திருந்ததா, விலை பார்த்து விதைத்ததா? இரண்டும் வேறு வேறு ஆய்வு முடிவுகள். பதிவும் பேச்சும் கண்ணால் கண்டதும் முரண்படும் இடத்தில்தான் இந்த முறையின் பலம் இருக்கிறது.

அமைப்பின் செயலாளரை வைத்துக்கொண்டு மற்றவர்களைச் செவ்வி காணாதீர்கள். ஒரே பதில்தான் வரும். அவரே கைகாட்டும் ஆட்களோடு நிறுத்திக்கொள்வதும் அதே பிழை. ஒரு மணிநேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நாலைந்து மணிநேரம் போகும் என்று கணக்குவைத்துக்கொண்டு ஆட்களின் எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள்.

இயலுமென்றால் இரண்டாவது குளம் ஒன்றைச் சேருங்கள், ஆனால் ‘எண்ணிக்கைக்காக’ அல்ல. வயற்பரப்பும் மண்ணும் ஏறக்குறைய ஒத்து, பங்கீடு மட்டும் சுமுகமாக நடக்கும் குளமாக அது இருக்கவேண்டும். அப்படியில்லாவிட்டால், வாய்க்காலின் நீளம் குறைவு என்பதால் கிடைத்த பலனை அமைப்பின் திறமை என்று எழுதிவிடுவீர்கள். சிறுகுளத்தையும் இரணைமடு போன்ற பெருங்குளத்தையும் ஒப்பிடவே வேண்டாம்: 80 ஹெக்டேயருக்குக் குறைந்த பாசனப் பரப்புள்ள குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை, இரணைமடு நீர்ப்பாசனத் திணைக்களத்தினது. நிர்வாகமே வேறு.

பொதுமைப்படுத்தலுக்கு, விடய ஆய்வு முறை பற்றி எழுதிய றொபேர்ட் யின் காட்டிய வேறுபாடு கைகொடுக்கும். விடய ஆய்விலிருந்து மக்கள்தொகைக்குப் போகமுடியாது, கோட்பாட்டுக்குப் போகலாம். ‘வன்னிக் கமக்காரர்’ என்று எழுதினால் பரீட்சகர் பிடிப்பார். ‘வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவர்களே நிர்வாகத்திலும் இருக்கும்போது முறை பிசகுகிறது’ என்று எழுதினால், அதை வேறு குளத்தில் இன்னொருவர் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் முடிவுக்கு எதிரான ஒரு குடும்பத்தையாவது தேடிப் பிடித்து அறிக்கையில் சேர்த்துவிடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

கேள்வி: நுண்கடன் எடுத்த பெண்கள் சிலரைப் பற்றி எழுதுகிறேன். பெயரை மாற்றினால் போதாதா?
– வாசகர், மல்லாவி

பதில்: போதாது. ஊர்ப் பெயர், பிள்ளைகளின் தொகை, தையல் கடை, கணவர் காணாமல் போன ஆண்டு என்று நாலு விவரம் சேர்ந்தாலே அந்தக் கிராம அலுவலர் பிரிவில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்; கடன் அறவிட வருபவரும் வாசிக்கக்கூடும். ஊரைப் பிரதேச செயலகப் பிரிவு அளவுக்கு அகலப்படுத்துங்கள், தொழிலைப் பொதுவாகச் சொல்லுங்கள், ஆய்வுக்குத் தேவைப்படாத விவரத்தை வெட்டுங்கள். எழுதிய பகுதியை அவருக்கே வாசித்துக் காட்டி, எதை எடுக்கவேண்டும் என்று கேளுங்கள். சம்மதம் கேட்ட அன்றைக்கு அவருக்குத் தெரியாதது, வாசிக்கும்போதுதான் தெரியும்.